துருப்பிடிக்காத எஃகுப் பிஸ்டலில் கீறல்: தேய்ப்பதா, மெருகிடுவதா, விட்டுவிடுவதா?

1911 என்ற அமெரிக்க மாடல் வகைப் பிஸ்டலைக் கழற்றிச் சுத்தம் செய்து பூட்டும் பழக்கமுள்ளவர்களில் பலரும் ஒருநாள் அந்தக் கீறலைப் பார்த்து முகம் சுளித்திருப்பார்கள். பிரேமின் (கைப்பிடியோடு சேர்ந்த அடிச்சட்டத்தின்) இடப்பக்கத்தில், ஸ்லைடு ஸ்டாப் (மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடைத் தடுத்து நிறுத்தும் பாகம்) உட்காரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, பிறை வடிவில் ஒரு மெல்லிய கோடு விழுந்திருக்கும். ஸ்லைடு ஸ்டாப்பின் ஊசியைத் துளையில் நுழைத்தபின் அதன் நெம்புகோலைக் கீழிருந்து மேலாகச் சுழற்றி, ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் நிற்கும் சிறிய முளையைத் தாண்டித் தள்ள வேண்டும். அந்த நேரத்தில் நெம்புகோலின் நுனி பிரேமின்மேல் உராய்ந்துகொண்டே போனால், அது போன வழி அப்படியே உலோகத்தில் பதிந்துவிடுகிறது. அமெரிக்காவில் இதற்கு 'இடியட் ஸ்கிராட்ச்' என்றே பெயர். டெக்சஸில் நான் வைத்திருக்கும் கோல்ட் (Colt) நிறுவனப் பிஸ்டலிலும், வாங்கிய சில வாரங்களுக்குள், என் கையாலேயே அந்தக் கோடு விழுந்தது. அதை என்ன செய்வது என்று முடிவெடுக்க நான் எடுத்துக்கொண்ட காலம் அதைச் சரிசெய்ய ஆன நேரத்தைவிடப் பல மடங்கு அதிகம். அந்த யோசனையின் பயனை இங்கே எழுதுகிறேன்.

வழிகள் பல இருக்கின்றன. அப்படியே விட்டுவிடலாம், உலோகப் பாலிஷ் தடவித் துடைக்கலாம், ஸ்காட்ச்பிரைட் போன்ற நார்ப்பட்டையால் தேய்க்கலாம், வாட்டர் பேப்பர் கொண்டு படிப்படியாக இறங்கலாம், கண்ணாடி மணிகளைக் காற்றழுத்தத்தால் வீசிப் பரப்பு முழுவதையும் புதுப்பிக்கலாம், சுழலும் கருவியில் பஞ்சுச் சக்கரம் பூட்டி மெருகேற்றலாம், துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலாளியிடம் ஒப்படைக்கலாம். இவற்றில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. கீறலை நீக்குவது என்று நாம் சொல்வது உண்மையில் சுற்றியுள்ள பரப்பின் தோற்றத்தை அந்த இடத்திலும் திரும்ப உண்டாக்குவதுதான். ஆகவே எந்த வழி என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது கீறலைச் சுற்றி இருக்கும் பரப்புதான். கீறலின் ஆழம் அதற்கு அடுத்தபடியாகத்தான் வரும். பிழையாகச் செய்து, பிஸ்டலைக் கெடுத்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் இந்த வரிசையை மாற்றிப் போட்டவர்கள் என்பது என் எண்ணம்.

எதைத் தொடங்கும் முன்பும் மகசினை (தோட்டாப் பெட்டியை) வெளியே எடுத்து, ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்தில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட வேண்டும். அதன்பின் ஸ்லைடையும் பிடித்தகடுகளையும் கழற்றிவிட்டுத் தேய்க்க வேண்டிய பாகத்தை மட்டும் மேசைமேல் வைத்துக்கொள்வது நல்லது. சுட்டபின் சுத்தம் செய்யாத துப்பாக்கியில் ஈயப் படிவு இருக்கும். அதைத் துடைத்தெடுக்காமல் தேய்த்தால் அது தூளாகிக் கையிலும் மூச்சிலும் சேரும் என்பதால், கையுறையும் ஈரத் துணியும் அவசியம்.

அடுத்து, நாம் தேய்க்கப்போவது உண்மையிலேயே துருப்பிடிக்காத எஃகுதானா என்று பார்க்க வேண்டும். வெள்ளி நிறத்தில் இருப்பதெல்லாம் எஃகு அல்ல. பெரெட்டா 92எஃப்எஸ் இனாக்ஸ் பிஸ்டலில் ஸ்லைடும் குழலும் துருப்பிடிக்காத எஃகு. பிரேமோ அதே நிறம் வரும்படி மேற்பூச்சு ஏற்றிய அலுமினியக் கலவை. ஸ்மித் அண்டு வெஸ்ஸன் 642 ரிவால்வரும் அப்படித்தான்: தோட்டாக்கள் இருக்கும் உருளை எஃகு, உடல் அலுமினியக் கலவை, அதன்மேல் நிறமற்ற பூச்சு. அந்த உடலைத் தேய்த்தால் கீறல் போகாது, பூச்சுதான் போகும். போன பூச்சை வீட்டில் திரும்ப ஏற்றவும் முடியாது. காந்தத்தை வைத்துப் பார்த்தால் அலுமினியம் உடனே தெரிந்துவிடும். நல்ல எவர்சில்வர் பாத்திரத்தில் காந்தம் ஒட்டாது என்று நம் வீடுகளில் சொல்வதை நினைத்துக்கொண்டு, காந்தம் ஒட்டுகிறதே, இது மட்டமான எஃகோ என்று இங்கே கவலைப்பட வேண்டியதில்லை. பாத்திரத்துக்கு நிக்கல் சேர்ந்த 304 போன்ற எஃகு. துப்பாக்கிக்குப் பெரும்பாலும் கடினப்படுத்தக்கூடிய 416 போன்ற எஃகு. பின்னது காந்தத்தில் ஒட்டும். ஆனால் சாதாரண எஃகின்மேல் நிக்கல் முலாம் பூசிய துப்பாக்கியிலும் காந்தம் ஒட்டும் என்பதால், தயாரிப்பாளரின் குறிப்பேட்டையும் பார்த்துவிடுவது நல்லது.

இந்த 416 என்ற எண் இன்னொரு வகையிலும் நம் முடிவைப் பாதிக்கிறது. 1913 ஆம் ஆண்டு ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழல்களின் உட்புறம் அரித்துப்போவதற்குத் தீர்வு தேடிக்கொண்டிருந்தபோதுதான் சுமார் 12.8 சதவீதம் குரோமியம் கலந்த, எளிதில் துருவேறாத எஃகை வார்த்தெடுத்தார். இன்றைய துப்பாக்கி எஃகு அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. 416இல் குரோமியம் 12 முதல் 14 சதவீதம். கடைசலுக்கு இலகுவாக இருக்க வேண்டும் என்று கந்தகமும் சேர்க்கப்படுகிறது. 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உள்ள பாத்திர எஃகைவிட இது துருவை எதிர்ப்பதில் ஒரு படி கீழேதான். குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக மேலே நிற்பதால்தான் இந்த எஃகு பிழைக்கிறது. தேய்க்கும்போது அந்தப் படலமும் போகிறது. சுத்தமான பரப்பில் அது தானாகவே மறுபடியும் உண்டாகும். ஆனால் தேய்த்த இடத்தில் சாதாரண இரும்பின் துகள் பதிந்துவிட்டால், அங்கே சில நாட்களில் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். சாதாரண இரும்புக் கம்பளியையும் இரும்புக் கம்பித் தூரிகையையும் இந்த வேலைக்குத் தொடவே கூடாது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். வேறொரு இரும்புச் சாமானைத் தேய்த்த நார்ப்பட்டையை இதற்குப் பயன்படுத்துவதும் அதே தவறு.

இனிப் பரப்புக்கு வருகிறேன். துருப்பிடிக்காத எஃகுத் துப்பாக்கிகளில் பெரும்பாலும் மூன்று வகை மேற்பரப்புகளைக் காணலாம். முதலாவது, ஒரே திசையில் நுண்ணிய இழைக்கோடுகள் ஓடும் பரப்பு. இரண்டாவது, கண்ணாடி மணிகளை வீசி உண்டாக்கிய, எந்தத் திசையும் இல்லாத மங்கலான பரப்பு. மூன்றாவது, முகம் தெரியும் அளவுக்கு மெருகேற்றியது. ஒரே துப்பாக்கியில் இரண்டு வகைகளும் சேர்ந்திருப்பது சாதாரணம். கோல்ட் 1911இல் தட்டையான பக்கங்கள் இழையோடும், மேற்புற வளைவுகள் மங்கலாகவும் இருக்கும். ஒரு கைவிளக்கைப் பரப்புக்குச் சாய்வாகப் பிடித்து மெல்லத் திருப்பினால், இழை எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது தெளிவாகத் தெரியும். இந்த ஐந்து நிமிடத்தைச் செலவிடாதவர் மற்ற எதையும் செய்யாமல் இருப்பதே மேல்.

விளக்கோடு சேர்த்து நகத்தையும் பயன்படுத்த வேண்டும். கோட்டின் குறுக்கே விரல்நகத்தை இழுத்தால் நகம் தடங்கலின்றிப் போகிறதா, தட்டி நிற்கிறதா என்பது ஆழத்தைச் சொல்லிவிடும். அதற்கும் முன்னால், கரைப்பானில் நனைத்த துணியால் அந்த இடத்தை அழுத்தித் துடைத்துப் பார்ப்பது நல்லது. வெளியே தெறிக்கும் பித்தளைத் தோட்டா உறைகள் ஸ்லைடில் மோதி மஞ்சள் தடம் விடும். துப்பாக்கியைப் பிளாஸ்டிக் இடுப்புறையில் செருகி எடுப்பதால் மெல்லிய கறைக்கோடுகள் படியும். பார்வைக்கு இவை கீறல்போலவே இருக்கும். ஆனால் இவை எஃகைக் குறைத்தவை அல்ல, எஃகின்மேல் வேறொன்று ஒட்டியவை. துடைத்தால் போய்விடும் ஒன்றுக்காக உலோகத்தைத் தேய்த்து எடுப்பது வீண் சேதம்.

பலரும் முதலில் கைநீட்டுவது ஃபிளிட்ஸ், மதர்ஸ் போன்ற உலோகப் பாலிஷை நோக்கித்தான். தீங்கு குறைவு என்ற எண்ணம் அதற்குக் காரணம்; அந்த எண்ணம் பாதிதான் சரி. மேற்சொன்ன பித்தளைத் தடங்களுக்கும் கறைகளுக்கும், மெருகேற்றிய பரப்பில் உள்ள மயிரிழைக் கோடுகளுக்கும் இது மிகப் பொருத்தமானது. இழைப்பரப்பிலோ மங்கல் பரப்பிலோ ஒரே இடத்தில் தொடர்ந்து தேய்த்தால், கீறல் போகுமுன் சுற்றியுள்ள இழைகளின் முனைகள் மழுங்கி, அந்த இடம் மட்டும் பளபளக்கத் தொடங்கும். ஒரு கோட்டுக்குப் பதில் காசளவு பளிச்சென்ற வட்டம் கிடைக்கும். அது கோட்டைவிடத் தொலைவிலிருந்தே கண்ணை இழுக்கும்.

இழைப்பரப்பில் விழுந்த, நகம் தட்டாத கீறலுக்கு நான் தயக்கமின்றிச் சொல்வது நார்ப்பட்டையைத்தான். நைலான் நாரில் உராய்பொருள் ஒட்டிய இந்தப் பட்டை, தாளைப்போல ஒரே ஆழத்தில் வெட்டாமல், விட்டுக்கொடுத்துத் தேய்க்கிறது. அது விடும் தடமும் தொழிற்சாலை இழையை ஒத்திருக்கிறது. ஸ்காட்ச்பிரைட்டின் தொழிற்பட்டறை வகைகளில் சாம்பல் நிறத்துக்கு 7448 என்றும், அதைவிடச் சற்று முரடான அரக்கு நிறத்துக்கு 7447 என்றும் எண்கள். சாம்பலில் தொடங்க வேண்டும். அதன் இழை சுற்றியுள்ளதைவிட நுண்ணியதாகத் தெரிந்தால் மட்டும் அரக்குக்குப் போக வேண்டும். சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் பச்சைப் பட்டையும் உராய்பொருள் கொண்டதுதான்; சிலர் அதையே பயன்படுத்தி நன்றாக வந்தது என்கிறார்கள். ஆனால் அது எத்தனை பாத்திரங்களைத் தேய்த்த பட்டை, அதில் என்ன ஒட்டியிருக்கிறது என்று தெரியாத நிலையில் நான் அதை எடுக்க மாட்டேன்.

தேய்க்கும் முறையில்தான் வெற்றியும் தோல்வியும் இருக்கின்றன. கீறல் அரை அங்குலமே இருந்தாலும், அந்தத் தட்டையான பரப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, இழை ஓடும் திசையில், நேர்கோடாக, ஒரே சீரான அழுத்தத்தில் இழுக்க வேண்டும். முன்னும் பின்னுமாக அரைப்பதும், வட்டமாகச் சுற்றுவதும், நடுவில் நிறுத்தித் திரும்புவதும் வளைந்த தடங்களை விடும். பட்டையைத் தட்டையான சிறு மரக்கட்டையில் சுற்றிக்கொண்டால் விரலின் அழுத்தம் ஒரு புள்ளியில் குவியாது, விளிம்புகளும் உருண்டு போகாது. எழுத்துகளும் முத்திரைகளும் உள்ள இடங்கள், மங்கலாக விடவேண்டிய வளைவுகள், குறிபார்க்கும் பாகங்கள் எல்லாவற்றையும் தொடங்குமுன் ஒட்டுநாடாவால் மூடிவிட வேண்டும். பத்து இழுப்புக்கு ஒருமுறை துடைத்துவிட்டு, விளக்கைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். எடுத்த உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது என்பதால், இன்னும் கொஞ்சம் தேய்க்கலாமோ என்ற எண்ணம் வரும் இடத்தில் நிறுத்துவதுதான் என் வழக்கம்.

நகம் தட்டும் அளவுக்குக் கீறல் ஆழமாக இருந்தால் நார்ப்பட்டை போதாது. அங்கே வாட்டர் பேப்பர் வருகிறது. அதோடு ஆபத்தும் வருகிறது. ஓர் ஆழமான கோட்டை மறைக்க, கோட்டின் அடிமட்டம்வரை சுற்றியுள்ள பரப்பு முழுவதையும் கீழிறக்க வேண்டும். 400 எண் தாளின் உராய்துகள் ஏறக்குறைய 35 மைக்ரான், 800இன் துகள் ஏறக்குறைய 22 மைக்ரான், 2000இன் துகள் ஏறக்குறைய 10 மைக்ரான். பெரிய துகளில் தொடங்கினால் வேலை விரைவாக முடியும். ஆனால் அது புதிதாக விடும் கோடுகளை அடுத்த தாளால் போக்க வேண்டும். இழைப்பரப்புக்கு 400இல் எண்ணெய் அல்லது நீர் தொட்டு, மரக்கட்டை பின்னணியோடு தேய்த்து, இறுதியில் நார்ப்பட்டையால் இழையைச் சமப்படுத்தினால் பெரும்பாலும் போதும். ஒரே இடத்தில் குடைந்தால் மட்டும் பள்ளம் விழும். வெளிச்சம் அதன்மேல் வளைந்து நெளியும்போது தெரிந்துவிடும். ஸ்லைடும் பிரேமும் ஒன்றின்மேல் ஒன்று ஓடும் தடங்களிலும், பூட்டும் பரப்புகளிலும் தாளை வைக்கவே கூடாது. அங்கே குறையும் உலோகம் அழகைச் சார்ந்ததல்ல. பாகங்கள் பொருந்தும் அளவையே அது மாற்றும்.

மெருகேற்றிய பரப்புக்குத் தாள்களின் ஏணி நீண்டது. கீறலின் ஆழத்துக்கேற்ப 800இலோ 1000த்திலோ தொடங்கி, ஒவ்வொரு தாளையும் முந்தையதன் குறுக்குத் திசையில் ஓட்டி, முந்தைய கோடுகள் முழுவதும் மறைந்தபின் மட்டுமே அடுத்ததற்குப் போய், 2000த்துக்குப் பின் பாலிஷில் முடிக்க வேண்டும். பொறுமை உள்ளவருக்கு இது வீட்டிலேயே சாத்தியம். பொறுமை இல்லாதவர் சுழலும் கருவியை எடுப்பார். அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பஞ்சுச் சக்கரம் கூர்மையான விளிம்பை உருட்டிவிடும், திருகுத் துளைகளின் வாயைப் புனல்போல் அகலமாக்கும், பொறித்த எழுத்துகளின் ஓரத்தைக் கரைத்துவிடும். அப்படி மெருகேற்றிய துப்பாக்கி மேசைமேல் வைத்த நிமிடம் பளபளக்கும். கையில் எடுத்துப் பார்க்கும் அனுபவசாலி முதலில் பார்ப்பது அந்தத் துளைகளைத்தான்.

மங்கலான பரப்பு இவை எல்லாவற்றிலிருந்தும் வேறுபட்டது. அதில் திசை இல்லை. கையால் தேய்க்கும் எந்தப் பொருளும் திசையுள்ள தடத்தையே விடும் என்பதால், தேய்த்துச் சரிசெய்ய வழியே இல்லை. மணி வீசும் பெட்டியும் காற்றழுத்தக் கருவியும் வைத்திருக்கும் நண்பர் இருந்தால், பாகங்களை முழுவதும் பிரித்து, துளைகளை அடைத்து, அந்தப் பகுதி முழுவதற்கும் ஒரே சீராகக் கண்ணாடி மணிகளை வீசலாம். கண்ணாடி மணி உலோகத்தைத் தட்டிப் பதப்படுத்துகிறது, அதிகம் வெட்டுவதில்லை; அலுமினியம் ஆக்சைடு துகளோ வெட்டும், பரப்பைக் கருமையாகவும் முரடாகவும் ஆக்கும். பெட்டியில் இதற்குமுன் துருப்பிடித்த இரும்பைச் சுத்தம் செய்திருந்தால், அந்த மணிகளோடு இரும்புத் துகளும் நம் எஃகில் ஏறும். இவ்வளவையும் கணக்கில் கொண்டால், மங்கல் பரப்பில் விழுந்த கீறலுக்கு இரண்டு நேர்மையான வழிகளே உண்டு: தொழிலாளியிடம் கொடுப்பது, அல்லது விட்டுவிடுவது.

தொழிலாளியிடம் கொடுப்பதன் உண்மையான பயன் அவருடைய கருவிகள் மட்டுமல்ல, பிரேமைக் கடைசித் திருகுவரை பிரித்து மீண்டும் பூட்டத் தெரிந்திருப்பதும்தான். ஆழமான கீறல், மங்கல் பரப்பு, எழுத்துகளுக்கு ஊடே ஓடும் கோடு ஆகிய மூன்றிலும் அவருக்குக் கொடுக்கும் கூலி நியாயமானது. வரிசை எண்ணுக்கு அருகில் விழுந்த கீறலை வீட்டில் தொடவே வேண்டாம். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, வரிசை எண் அழிக்கப்பட்ட அல்லது மாற்றப்பட்ட துப்பாக்கியைத் தெரிந்தே வைத்திருப்பது குற்றம். அழகுக்காகத் தேய்த்ததில் எண் மங்கியது என்று பின்னால் விளக்கிக்கொண்டு நிற்கும் நிலையை எவரும் வரவழைத்துக்கொள்ளக் கூடாது.

விட்டுவிடுவதைச் சோம்பேறியின் வழி என்று நான் கருதவில்லை. ரிவால்வரின் உருளையைச் சுற்றி விழும் வட்டக்கோடு, உறையில் செருகி எடுத்ததால் குழல்முனையில் தேய்ந்த பளபளப்பு ஆகியவை பயன்பாட்டின் தடங்கள். நீக்கினாலும் அடுத்த மாதமே திரும்ப வரும். சேகரிப்பாளர்கள் தேடும் பழைய மாடலாக இருந்தால், தொழிற்சாலைப் பரப்பில் உள்ள இரண்டு கீறல்களைவிட, கீறலே இல்லாத ஆனால் கைபட்ட பரப்புதான் விலையைக் குறைக்கும். 1965இல் வெளிவந்த ஸ்மித் அண்டு வெஸ்ஸன் மாடல் 60 தான் துருப்பிடிக்காத எஃகில் தொடர் உற்பத்தியாக வந்த முதல் ரிவால்வர்; அதன் தொடக்ககால ஒன்று கையில் இருப்பவர் நார்ப்பட்டையை வாங்கவே வேண்டாம்.

எந்த வழியில் தேய்த்தாலும் அதற்குப் பிந்தைய சுத்தம் வேலையின் ஒரு பாதி. ஒரு துகள் உராய்பொருள் ஓடுதடத்தில் தங்கினாலும், ஒவ்வொரு முறை ஸ்லைடு ஓடும்போதும் அது அரம்போல் வேலை செய்யும். வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டு, நைலான் தூரிகையால் மூலைகளைத் தேய்த்துக் கழுவி, முடி உலர்த்தும் கருவியால் உள்ளீரம் போகும்வரை காயவைத்து, உடனே எண்ணெய்ப் பூச்சுக் கொடுக்க வேண்டும். ஹூஸ்டன் போன்ற ஈரக்காற்று ஊர்களில் இடுப்பில் வியர்வை படும்படி வைத்திருப்பவர்கள், புதிதாகத் தேய்த்த இடத்தை முதல் சில வாரங்கள் அடிக்கடி பார்த்துத் துடைத்துவருவது நல்லது.

என் கோல்ட்டில் விழுந்தது நகம் தட்டாத கோடு, பரப்பு இழையோடியது, வரிசை எண்ணிலிருந்து விலகி இருந்தது. மூன்றும் சேர்ந்து சாம்பல் பட்டையை நோக்கிக் கைகாட்டின. ஒட்டுநாடா ஒட்டவும் கழுவவும் ஒரு மணி நேரம் ஆயிற்று. தேய்த்தது நாற்பது இழுப்புக்குள் முடிந்தது. கோட்டின் ஆழமான நடுப்பகுதியில் ஒரு சிறு தடம், விளக்கை மிகவும் சாய்த்தால் மட்டும் இன்னும் தெரிகிறது. அதைப் போக்கத் தாளை எடுக்க வேண்டாம் என்று அங்கேயே நிறுத்தினேன். திரும்பப் பூட்டும்போது, ஏதோ கடையின் பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றைக் குறுகலாக வெட்டி, ஸ்லைடு ஸ்டாப்பின் நுனிக்கும் பிரேமுக்கும் இடையில் வைத்து, நெம்புகோலைக் கீழிருந்து சுழற்றாமல் அது உட்காரும் உயரத்துக்கு நேராகக் கொண்டுவந்து, முளையை அட்டையின் மூலையால் அழுத்திக்கொண்டு உள்ளே தள்ளினேன். அந்த அட்டைத் துண்டு இப்போது சுத்தம் செய்யும் பெட்டியில், தூரிகைகளுக்கு மேலேயே இருக்கிறது.